கூட்டு வாசலில் நிற்பது குயில் தேனீயா? அறிகுறி வாரியாகக் கண்டுபிடிக்கும் வழி

மூங்கில் குழாய்களைக் கட்டித் தொங்கவிட்ட மாடித் தோட்டக்காரர்கள், பழைய மண்சுவர் வீட்டில் குடியிருப்பவர்கள், பிள்ளைகளுக்குப் பூச்சி காட்டும் ஆசிரியர்கள் என்று பலரிடமிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் படம் வரும். கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "நம்ம தேனீ கூட்டுக்குள்ள வேற ஒண்ணு போய்ப் போய் வருது. முட்டை வைக்குதா? மருந்து அடிச்சிடலாமா?"

மருந்து வேண்டாம். துளைக்குள் அடிக்கும் மருந்து முதலில் கொல்வது உள்ளே இருக்கும் சொந்தக்காரத் தேனீயின் புழுக்களைத்தான். வெளியே சுற்றும் குயில் தேனீ பறந்துபோய் அடுத்த சுவரில் உட்கார்ந்துகொள்ளும். அதோடு, வரும் படங்களில் உண்மையான குயில் தேனீ இருப்பதே குறைவு. ஆண் தேனீ, குளவி, ஈ, சில சமயம் கூட்டின் சொந்தக்காரியே. இவைதான் அதிகம். அதனால் கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிய காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். செலவும் சிக்கலும் கூடியது கடைசியில்.

குயில் தேனீ தானாகக் கூடு கட்டாது, மகரந்தம் சேர்க்காது. இன்னொரு தேனீ கட்டி, மகரந்தம் நிரப்பிய அறையில் முட்டையிடும். அதன் புழு, சொந்தக்காரியின் முட்டையையோ புழுவையோ கொன்றுவிட்டு அந்த மகரந்தத்தைத் தின்று வளரும்; சில வகைகளில் தாயே அந்தக் கொலையைச் செய்துவிடும். உலகில் பெயரிடப்பட்ட 20,000-க்கு மேற்பட்ட தேனீ இனங்களில் ஏறக்குறைய எட்டில் ஒன்று இந்த வகை. இவ்வளவு தெரிந்தால் போதும், வேலையைத் தொடங்கலாம்.

## கையில் இருக்க வேண்டியவை

வீடியோ எடுக்கும் கைபேசி, நகைக்கடைகளில் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸ், மூடியுள்ள சிறிய தெளிவான டப்பா. வலை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை; துளைக்குள் போன பூச்சி வெளியே வரும்போது வாயிலில் டப்பாவைக் கவிழ்த்தால் தானே உள்ளே வந்துவிடும்.

பிடித்ததை டப்பாவோடு ஃபிரிட்ஜில் (ஃபிரீசரில் அல்ல) சில நிமிடம் வைத்தால் மந்தமாகிவிடும். அந்த நேரத்தில் லென்ஸால் பார்த்து, படமெடுத்து, வெயிலில் வைத்தால் உடம்பு சூடேறிப் பறந்துவிடும். குயில் தேனீப் பெண்ணுக்கும் கொடுக்கு உண்டு. அழுத்திப் பிடித்தால் கொட்டும், கைவிரலில் நசுக்கிப் பார்க்க வேண்டாம்.

படம் எடுக்கும்போது முதுகை மட்டும் எடுத்து அனுப்புவது எல்லோருக்கும் வழக்கம். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. பின்னங்கால், அடிவயிறு, முகம், விரித்த இறக்கை இவையும் வேண்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைப் பாருங்கள்

இறக்கை இரண்டா, நான்கா? இரண்டுதான் என்றால் அது ஈ. கண் பெரிதாகவும் உணர்கொம்பு மிகக் குட்டையாகவும் இருந்தால் எண்ணாமலே ஈ என்று வைத்துக்கொள்ளலாம். நேராக ஐந்தாம் அறிகுறிக்குப் போங்கள்.

நான்கு இறக்கை என்றால், துளைக்குள் எதையாவது சுமந்துகொண்டு போகிறதா என்று அரை மணி நேரமாவது பொறுமையாகப் பாருங்கள். பின்னங்காலிலோ வயிற்றின் அடிப்புறத்திலோ மஞ்சளாக, ஆரஞ்சாக மகரந்தம் அப்பியிருந்தால் அது கட்டுகிற தேனீ, குயில் அல்ல. வட்டமாக நறுக்கிய இலை, களிமண் உருண்டை, பிசின் கட்டி, இவற்றைத் தூக்கிவந்தாலும் அப்படியே. பச்சைப் புழுவையோ சிலந்தியையோ இழுத்துவந்தால் குளவி.

வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்பினால்தான் சந்தேகம் தொடங்குகிறது. நிறத்தை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் கால், அப்புறம் நடத்தை, அதற்கப்புறம் நிறம். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் அதிகம் குழம்புகிறார்கள்.

## அறிகுறி 1: நீலப் புள்ளி போட்ட கறுப்புத் தேனீ சுவரோரம் தாழ்வாகப் பறக்கிறது

அதிகம் வரும் படம் இது. பார்க்க அவ்வளவு அழகு, அதனால் எல்லோரும் படம் எடுத்துவிடுகிறார்கள்.

எளிய காரணம்: நீலப்பட்டைத் தேனீ. அமெஜில்லா என்கிற பேரினம். மண்சுவர், வரப்பு மேடு, செங்கல்லுக்கு இடையே உதிரும் மண்சாந்து, இங்கெல்லாம் துளை போட்டுக் கூடு வைக்கும். தக்காளி, கத்தரிப் பூக்களைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தம் உதிர்க்கும் தேனீ இதுதான், தோட்டக்காரர்களுக்கு வேண்டியவள். வயிற்றில் நீலம் அல்லது பச்சை கலந்த வெளிர்நீலப் பட்டைகள் இடமிருந்து வலம் முழுதாக ஓடும். முதுகில் பழுப்பு ரோமம் அடர்ந்திருக்கும். உரத்த ரீங்காரம், ஒரு பூவில் நொடிகூட நிற்காத வேகம்.

அடுத்த காரணம்: தைரியஸ் குயில் தேனீ. அமெஜில்லாவின் கூட்டைத் தேடித்தான் இது வரும். பட்டை முழுதாக ஓடாது. வயிற்றின் இரு பக்கத்திலும் தனித்தனிப் புள்ளிகளாக, நடுவில் கறுப்பு விட்டு இருக்கும். உடம்பு பளபளப்பான கறுப்பு. இறக்கை புகை படிந்தாற்போல் கருத்திருக்கும். புள்ளிகள் நீலமாகவே இருக்க வேண்டும் என்றில்லை, இனத்தைப் பொறுத்து வெள்ளையாகவும் இருக்கும்.

சோதிக்கும் முறை:

மேலிருந்து எடுத்த படத்தில் பட்டை தொடர்கிறதா, நடுவில் அறுபடுகிறதா என்று பாருங்கள். அறுபட்டால் தைரியஸ் பக்கம்.

முகத்தைப் பாருங்கள். நீலப்பட்டைத் தேனீயின் முகத் தோலிலேயே வெளிர்மஞ்சள் அடையாளம் இருக்கும். தைரியஸின் முகத்தோல் கறுப்பு. அதன்மேல் வெள்ளை ரோமம்தான் படிந்திருக்கும். லென்ஸில் ரோமத்தை ஊடுருவிப் பார்த்தால் அடியில் கறுப்பு தெரியும்.

முதுகின் பின்கோடியைப் பாருங்கள். தைரியஸுக்கு அங்கே ஒரு தட்டையான தகடு வயிற்றின்மேல் நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் விளிம்பு நடுவில் வெட்டுப்பட்டது போல் பிளந்திருக்கும். இதைக் கண்டுவிட்டால் வேறு சோதனையே வேண்டாம்.

நடத்தையும் மாறுபடும். சொந்தக்காரி தன் துளைக்கு நேராக வந்து இறங்குவாள். தைரியஸ் அப்படி வராது. சுவரைத் தடவுவது போல மெதுவாகப் பறந்து, ஒவ்வொரு துளை வாயிலிலும் நின்று, சிலவற்றில் தலையை நுழைத்துப் பார்த்து, பக்கத்துச் செடியில் போய் உட்கார்ந்து காத்திருக்கும். சொந்தக்காரி வெளியே போனதும் இறங்கி உள்ளே போகும். மூடி முடித்த அறையில் ஓட்டை போட்டு முட்டையிட்டு, ஓட்டையை அடைத்துவிட்டு வரும். அதனால் கூடு வெளியிலிருந்து பார்க்கப் பழுதில்லாமல்தான் இருக்கும்.

மாலையில் குச்சி நுனியைக் கடித்துத் தொங்குகிறது, செத்துவிட்டதா? இல்லை, தூங்குகிறது. காய்ந்த புல் நுனியைத் தாடையால் கவ்விக்கொண்டு, காலை மடக்கி, உடம்பைக் காற்றில் நீட்டியபடி இரவு முழுவதும் இருக்கும். தாடைப் பிடி ஒன்றே தாங்குகிறது. கால்கள் குச்சியைத் தொடுவதுகூட இல்லை. நீலப்பட்டைத் தேனீயின் ஆண்களும் இப்படித்தான் தூங்கும், பல சமயம் கூட்டமாக. ஆகவே தொங்குவதை மட்டும் வைத்துக் குயில் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் அடையாளம் காண இதைவிட நல்ல நேரம் கிடையாது. விடியற்காலையில் பனி ஈரத்தோடு அசையாமல் இருக்கும்போது முகம், முதுகுத் தகடு, இறக்கை எல்லாவற்றையும் நிதானமாகப் படமெடுக்கலாம்.

என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். சுவரில் தைரியஸ் நிலையாகச் சுற்றுகிறது என்றால் அங்கே அமெஜில்லா போதுமான அளவு இருக்கிறது என்று பொருள். கூடு அடர்த்தியாக இல்லாத இடத்தில் குயில் தேனீ தங்காது. துளைகளுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றியோ சிமென்ட் பூசியோ "சரிசெய்த" வீடுகளில் இரண்டும் சேர்ந்தே போய்விடும், அப்புறம் கத்தரிப் பூ காயாகவில்லை என்று கேள்வி வரும்.

எப்போது நிபுணர்? தைரியஸ் என்பதுவரை நீங்களே சொல்லலாம். அதற்குள் எந்த இனம் என்பது வேண்டுமானால் மட்டும் அனுப்புங்கள். தென்னிந்தியாவில் ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் உண்டு; புள்ளிகளின் அமைப்பு, அந்தத் தகட்டின் வெட்டு, ஆணின் பிறப்புறுப்பு எல்லாம் நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியவை. பழைய நூல்களில் தேடுகிறவர்கள் குரோசிசா என்ற பெயரிலும் தேடுங்கள், தைரியஸுக்கு அப்போது வழங்கிய பெயர் அது. இந்திய, ஆஸ்திரேலியப் பகுதி இனங்களை 1962-இல் லீஃப்டிங்க் என்ற பூச்சியியலாளர் மறு ஆய்வு செய்தபின் பல பழைய பெயர்கள் மாறிவிட்டன. பழைய பெயரை நம்பி லேபிள் ஒட்ட வேண்டாம்.

## அறிகுறி 2: மூங்கில் துளை முன் கூர்வால் தேனீ காத்து நிற்கிறது

எளிய காரணம்: இலைவெட்டித் தேனீயின் ஆண். மெகாகைல் பேரினம். ரோஜா, துவரை, மந்தாரை இலைகளில் வட்டமாக நறுக்குவது பெண். ஆண்கள் பெண்ணுக்காகக் கூட்டு வாசலில் சுற்றும். மகரந்தம் சுமக்காது, ஆகவே முதல் பார்வைக்குக் குயில் போலவே தோன்றும். வயிற்று நுனி மழுங்கி, கீழ்நோக்கி வளைந்திருந்தால் ஆண் மெகாகைல். சில இனங்களில் ஆணின் முன்னங்கால் வெளிறி, அகன்று இருக்கும்.

உறுதி செய்ய வேண்டுமானால் உணர்கொம்புக் கணுக்களை எண்ணுங்கள்: பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. படத்தைப் பெரிதாக்கினால் எண்ணலாம். எந்தத் தேனீ வகையிலும் ஆணுக்கு மகரந்தம் சுமக்கும் ரோமக் கொத்து கிடையாது என்பதால், 13 வந்தால் "மகரந்த ரோமம் இல்லை" என்ற சாட்சி செல்லாது.

அடுத்த காரணம்: சீலியாக்சிஸ். இலைவெட்டிகளின் குயில் தேனீ. பெண்ணின் வயிறு முள்ளங்கி போலக் கூம்பிக் கூராக முடியும். கறுப்பு உடம்பில் பக்கவாட்டில் வெள்ளைக் கோடுகள். ஆணின் வயிற்று நுனியில் பல முட்கள் துருத்தி நிற்கும், அதைத் தப்பாகப் பார்க்கவே முடியாது.

லென்ஸில் இரண்டு உறுதிச் சோதனைகள். கூட்டுக்கண்ணின் மேல் நுண்ணிய ரோமம் முளைத்திருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடித்தால் தெரியும். முதுகின் பின்கோடியில் இரு ஓரமும் பல் போல நீட்டிக்கொண்டிருக்கும். அடிவயிற்றைத் திருப்பிப் பாருங்கள்: மெகாகைல் பெண்ணுக்கு அங்கே அடர்ந்த ரோமப் படுகை இருக்கும், சீலியாக்சிஸுக்கு வழவழப்பாக இருக்கும்.

ஒருவர் அனுப்பிய வீடியோவில் இது மொத்தமும் பதிவாகியிருந்தது. இலைவெட்டி ஒரு பச்சை இலைத் துண்டைச் சுருட்டிக் காலிடுக்கில் பிடித்துக்கொண்டு வருகிறது, உள்ளே போகிறது. அடுத்த குழாயின் விளிம்பில் சீலியாக்சிஸ் இறக்கையை மடித்து உட்கார்ந்திருக்கிறது. வயிறு மட்டும் மேலும் கீழும் அசைகிறது, மற்றபடி அசைவே இல்லை. இலைவெட்டி வெளியே வந்து பறக்கிறது. சீலியாக்சிஸ் உடனே போவதில்லை. உணர்கொம்பால் வாயிலைத் தட்டிப் பார்த்துவிட்டு அதன் பிறகே நுழைகிறது. வெளியே வரும்போது காலிலும் வயிற்றிலும் ஒரு துகள்கூட இல்லை. இலைவெட்டி மகரந்தத்தோடு திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது போல வேலையைத் தொடர்கிறது.

அந்தக் கூர்நுனியின் வேலை அதுதான். சொந்தக்காரி அறையை இன்னும் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே, இலைச் சுவருக்குள் நுனியைச் செருகி முட்டையை மறைத்து வைத்துவிடும். பிறகு பிறக்கும் புழுவுக்கு ஒரு பருவத்தில் அரிவாள் போல வளைந்த தாடை இருக்கும். கொலை முடிந்து அடுத்த தோலுரிப்பில் அந்தத் தாடை போய்விடும். ஆகவே பெரிய புழுவைப் பார்த்து இது யாருடைய பிள்ளை என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

என்ன செய்வது? குழாய்க் கட்டு பெரிதாக இருந்தால் அதைச் சிறு சிறு கட்டுகளாகப் பிரித்து வெவ்வேறு இடத்தில் தொங்கவிடுங்கள். நூறு குழாயை ஒரே பலகையில் அடுக்கிய பெரிய "விடுதிகள்" பார்க்க நன்றாக இருக்கின்றன, ஆனால் குயில் தேனீக்கும் குளவிக்கும் ஒரே இடத்தில் எல்லா முகவரியும் கிடைத்துவிடுகிறது. அலங்காரத்துக்காக விற்கப்படும் பெரிய விடுதிகளை நான் வாங்கச் சொல்வதில்லை. ஒரு பக்கம் கணு மூடிய, 15 செ.மீ. அளவு நீளமுள்ள, 6 முதல் 10 மி.மீ. உள்விட்டம் கொண்ட மூங்கில் துண்டுகள் போதும். மழை படாத இடம் முக்கியம்.

எப்போது நிபுணர்? கட்டு முழுவதிலும் இலைவெட்டியே வெளிவராமல் சீலியாக்சிஸ் மட்டும் பல தலைமுறை வந்தால். அது அரிது. வந்தாலும் நிபுணர் சொல்லப்போவது, கட்டை இடம் மாற்றுங்கள் என்பதாகத்தான் இருக்கும்.

## அறிகுறி 3: வயிறு செங்கல் சிவப்பு, தலையும் மார்பும் கறுப்பு

இதில் இடத்தை வைத்தே பாதி தீர்ந்துவிடும்.

தரையில், மண் துளையருகே, சின்னதாக இருந்தால்: முதலில் குளவியா என்று பாருங்கள். சிவப்பு வயிற்றுக் குளவிகள் நிறைய. இரை இழுத்து வந்தாலோ, இடுப்பு நூல் போல மெலிந்து நீண்டிருந்தாலோ குளவி. இரண்டும் இல்லை, ரோமம் குறைந்த, தோலில் குழி குழியாக உள்ள, ஒரு செ.மீ.க்கு மேல் போகாத பூச்சி என்றால் ஸ்ஃபீகோட்ஸ் என்ற குயில் தேனீயாக இருக்கலாம். ஹாலிக்டஸ், லாசியோகுளோசம் போன்ற சிறிய மண்தேனீக்களின் கூட்டில் நுழையும். இதில் தாயே அறையைத் திறந்து சொந்தக்காரியின் முட்டையை அழித்துவிட்டுத் தன் முட்டையை வைக்கும்.

மூங்கில் குழாயிலோ சுவர்த் துளையிலோ, பருமனாக இருந்தால்: யூவாஸ்பிஸ் என்ற குயில் தேனீ. பிசினாலோ மண்ணாலோ அறை கட்டும் மெகாகைல் வகைகளைத் தேடி வரும். ஆணி அடித்த துளை, பூட்டுச் சாவித்துளை, ஸ்விட்ச் போர்டு ஓட்டை இவற்றில் மண் அப்பி வைக்கும் தேனீ உங்கள் வீட்டில் இருந்தால் யூவாஸ்பிஸும் வர வாய்ப்புண்டு. தலை, மார்பு கரடுமுரடான கறுப்பு, வயிறு ஒரே சிவப்பு, இறக்கை கருமை. அடிவயிற்றில் மகரந்த ரோமம் இருக்காது.

இரண்டையும் பிரிக்க இறக்கையைப் பாருங்கள். முன்னிறக்கையின் மேல்விளிம்பை ஒட்டி, கருத்த திட்டுக்குக் கீழே வரிசையாக நரம்பு அறைகள் இருக்கும். யூவாஸ்பிஸ், சீலியாக்சிஸ், மெகாகைல் எல்லாவற்றுக்கும் அந்த வரிசையில் இரண்டு. ஸ்ஃபீகோட்ஸ், தைரியஸ், அமெஜில்லாவுக்கு மூன்று. இறக்கை தெளிவாக விழுந்த ஒரு படம் இருந்தால் போதும் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான்.

சிவப்பும் மஞ்சளும் கலந்து குளவி போலவே இருக்கும் நோமடாவைப் பற்றி ஐரோப்பியப் பக்கங்களில் நிறையப் படிப்பீர்கள். அது முக்கியமாக முட்டையிடுவது ஆண்ட்ரினா என்ற தேனீக்களின் கூட்டில். நம் சமவெளியில் மஞ்சள் கோடு போட்ட மெல்லிய பூச்சியைப் பார்த்தால் நோமடா என்று நினைப்பதற்கு முன் குளவி என்று நினையுங்கள். குயில் பெருவண்டுத் தேனீக்களும் (பம்பிள்பீ வகை) இமயமலைப் பக்கத்து விஷயம்.

## அறிகுறி 4: துளைக்குள் போய் வருகிறது, ஆனால் மகரந்தம் கண்ணில் படவே இல்லை

இதில் உண்மையான குயில் மிக அரிது. வரிசையாகக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

கூடு கட்டும் கட்டமாக இருக்கலாம். மகரந்தம் கொண்டுவரும் முன் துளையைச் சுத்தம் செய்வதும், அறை முடிந்தபின் மண்ணோ பிசினோ கொண்டுவருவதும் நடக்கும். மறுநாளும் பாருங்கள்.

ஆணாக இருக்கலாம். மேலே சொன்னபடி கணுவை எண்ணுங்கள்.

மகரந்தத்தை விழுங்கிக் கொண்டுவரும் தேனீயாக இருக்கலாம். ஹைலியஸ் என்ற சிறிய கறுப்புத் தேனீ அப்படித்தான். வயிற்றுக்குள் சுமந்துவந்து கக்கும். வெளியே ரோமக் கொத்து கிடையாது. முகத்தில் வெள்ளை அல்லது மஞ்சள் அடையாளம் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

செராட்டினாவாக இருக்கலாம். காய்ந்த குச்சிகளின் நடுச் சோற்றைக் குடைந்து வாழும் சிறிய தேனீ. பச்சையாகவோ நீலமாகவோ மின்னும், சில கறுப்பில் மஞ்சள் கோடு. காலில் ரோமம் குறைவாக இருப்பதால் மொட்டையாகத் தெரியும், ஆனாலும் மகரந்தம் சுமக்கும். மின்னும் பச்சையைக் கண்டதும் பொற்குளவி என்று சொல்லிவிடுகிறார்கள். வித்தியாசம்: பொற்குளவியைத் தொட்டால் பந்து போலச் சுருண்டுகொள்ளும், செராட்டினா சுருளாது.

எல்லாம் கழிந்தபின் மிச்சம் இருப்பது பிரான்சாபிஸ் கதை. அதே குச்சிகளில் வாழும் சின்னத் தேனீ இது. இந்தியாவில் பிரான்சாபிஸ் மிக்ஸ்டாவின் கூட்டுக்குள் பிரான்சாபிஸ் கலியாகோ ஒட்டுண்ணியாகவே வாழ்வது பதிவாகியிருக்கிறது. முட்டையிட்டுவிட்டு ஓடுவதில்லை, உள்ளேயே தங்கிவிடும். கைபேசிப் படத்தை வைத்து இதைப் பிரிக்க முயல வேண்டாம். குச்சியோடு நிபுணரிடம் கொடுப்பதுதான் வழி.

## அறிகுறி 5: தேனீ அடைத்த துளையிலிருந்து வேறு ஏதோ வெளியே வந்தது

வெளியே வந்ததை வைத்துக் கண்டுபிடிப்பது, வாயிலில் காத்திருந்து பார்ப்பதைவிட எளிது. அடைபட்ட குழாயை மட்டும் கழற்றி, வாயில் மெல்லிய துணி கட்டி, நிழலில் வையுங்கள். தினமும் ஒரு பார்வை. ஒரு மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம். பெரும்பாலும் முன்னறைகளில் ஆணும் உள்ளறைகளில் பெண்ணும் இருப்பதால், முதலில் வருவது ஆணாக இருந்தால் பயப்பட வேண்டாம்.

அடைப்பில் குண்டூசித் துளைகள் மட்டும், ஒன்றிரண்டு மி.மீ. பூச்சிகள் கூட்டமாக: மெலிட்டோபியா என்ற நுண்குளவி. ஒரே புழுவிலிருந்து நூற்றுக்கணக்கில் வரும், பக்கத்துக் குழாய்க்கும் பரவும். வெளியே வருபவற்றில் நான் உடனே கைவைக்கச் சொல்வது இது ஒன்றைத்தான். குழாயைத் துணியோடு மூடிய பையில் போட்டு ஃபிரீசரில் வைத்து அழித்துவிடுங்கள்.

அடைப்பில் காலியான பழுப்புத் தோல் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது: பாம்பிலிட் ஈ. ரோமம் போர்த்திய, அந்தரத்தில் நின்று பறக்கும் ஈ. வாயிலுக்கு எதிரே மிதந்தபடி வயிற்றைச் சொடுக்கி முட்டைகளை எறிவதைப் பார்த்திருப்பீர்கள். கூட்டுப்புழு தானே அடைப்பைத் துளைத்து வெளியே தலைநீட்டி, தோலை அங்கேயே விட்டுவிட்டுப் போகும்.

மஞ்சள் கறுப்பு, பின் தொடை பருத்து, முதுகின்மேல் ஊசி மடங்கிக் கிடக்கிறது: லியூக்கோஸ்பிஸ் குளவி. மூடிய அடைப்பின் வழியாகவே ஊசியை இறக்கி முட்டையிடும்.

மெலிந்த கழுத்து, நீண்ட வால் ஊசி, வாயில் முன் ஆடாமல் தொங்குவது போன்ற பறப்பு: காஸ்டெரப்டியான் குளவி. இதன் புழுவும் மகரந்தத்தைத்தான் தின்னும், ஆனால் தேனீ அல்ல.

நீலப்பச்சையாக மின்னுகிறது: பொற்குளவி. மண் உருண்டைக் கூடு கட்டும் குளவியின் அறையிலிருந்து வந்திருக்க அதிக வாய்ப்பு. அந்தக் குழாயைக் கட்டியது தேனீயா, குளவியா என்று முதலில் பாருங்கள். உடைந்த அறையில் சிலந்திக் கால்கள் கிடந்தால் குளவி.

கூர்வால், சிவப்பு வயிறு, நீலப் புள்ளி: மேலே உள்ள மூன்று அறிகுறிகளுக்குத் திரும்புங்கள். இதுதான் உண்மையான குயில் தேனீ.

ஒன்றும் வரவில்லை, உள்ளே மஞ்சள் பொடி நகர்கிறது: மகரந்தப் பூச்சிகள், அதாவது உண்ணி வகை. குழாயை அகற்றி எரித்துவிடுங்கள். பழைய மூங்கிலை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் விடுவதுதான் காரணம்.

உத்தரத்து மரத்தில் துளையிடும் பெரிய கருவண்டுக்கு (பெயர் வண்டு, ஆனால் தேனீதான்) ஒரு தனிக் குறிப்பு. அதே உருவில், அதே கறுப்பில் இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து கருவண்டையே பிடித்து உறிஞ்சினால் அது ஹைப்பரீக்கியா என்ற கொள்ளை ஈ. அதன் புழு கருவண்டின் சுரங்கத்துக்குள் வளரும். இறக்கை இரண்டுதான் என்பதில் மாட்டிக்கொள்ளும்.

## அறிகுறி 6: தேன்பெட்டி அடையில் ஒரே அறையில் பல முட்டைகள்

பெட்டியில் இந்தியத் தேனீ வளர்ப்பவர்கள் குயில் தேனீயைப் பற்றிப் படித்துவிட்டு இதைக் கேட்கிறார்கள். வெளித் தேனீ வந்து முட்டையிட்டதில்லை. காரணங்கள் இரண்டுதான்.

புது ராணி முட்டையிடத் தொடங்கிய நாட்களில் ஓர் அறையில் இரண்டு வைப்பது உண்டு. முட்டைகள் அறையின் அடித்தளத்தில், நடுவில் நிற்கும். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், தானே சரியாகும்.

முட்டைகள் அறைச் சுவரில் ஒட்டி, கண்டபடி, நான்கைந்தாக இருந்தால் ராணி இல்லை. பணித்தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிட்டன. அவற்றிலிருந்து ஆண் தேனீக்கள்தான் வரும். சிறிய அறைகளில் மூடி குவிந்து புடைத்திருப்பது அதன் அடையாளம். ராணி உள்ள பெட்டியோடு செய்தித்தாளை இடையே விரித்து இணைப்பது வழக்கமான தீர்வு. அனுபவம் இல்லையென்றால் அருகில் உள்ள வளர்ப்பாளரையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ கூப்பிடுங்கள், தாமதிக்க வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவின் கேப் தேனீ மட்டும் விதிவிலக்கு. அதன் பணித்தேனீக்கள் ஆண் சேர்க்கையின்றியே பெண்களைப் பெற்று, அடுத்தவர் கூட்டத்தைக் கைப்பற்றும். 1990-இல் பெட்டிகளை வடக்கே கொண்டுபோனதில் அங்கே வளர்ப்பாளர்களுக்குப் பெரிய சேதம். நம் பெட்டிக்கு அந்தப் பயம் வேண்டாம்.

## யாரை, எப்போது கூப்பிடுவது

குயில் தேனீக்குப் பூச்சி ஒழிப்பு ஆட்களைக் கூப்பிடவே வேண்டாம். அது கூட்டமாக வாழாது, துரத்தாது. சுவரிலோ மரத்திலோ ஆயிரக்கணக்கில் திரையாகத் தொங்கினால் அது மலைத்தேனீ. அதற்குத் தீயணைப்பு நிலையம் அல்லது பழக்கப்பட்ட தேன் எடுப்பவர். அது வேறு விஷயம், கிட்டே போகாதீர்கள்.

பேரினம்வரை பெயர் வேண்டுமானால் செலவில்லாத வழி ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) என்ற இணையதளம். ஐந்து கோணப் படமும் இடமும் நாளும் போட்டால் தேனீ தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். முதுகுப் படம் ஒன்றைப் போட்டால் "தேனீக்கள்" என்பதோடு நின்றுவிடும்.

இனம்வரை வேண்டுமானால் மாதிரி அனுப்ப வேண்டும். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை, சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் அளவைத் துறையின் தென் மண்டல மையம், பெங்களூருவில் வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசியப் பணியகம் (NBAIR), இவை முறையாக மாதிரிகளைப் பார்க்கும் இடங்கள். முதலில் கடிதமோ மின்னஞ்சலோ எழுதிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கேட்காமல் போன பார்சல் மேசையில் கிடக்கும். மரபணு ஒப்பீடு கடைசி வழி, செலவும் அதிகம். ஆணும் பெண்ணும் வேறு இனம் போலத் தோன்றும்போது, அல்லது கூட்டுக்குள் கிடைத்த புழு யாருடையது என்று தெரியவேண்டியபோது மட்டும் அது தேவைப்படும்.

மாதிரியை ஃபிரீசரில் ஒரு நாள் வைத்து, உலர்ந்த டப்பாவில் மெல்லிய டிஷ்யூ தாளில் சுற்றுங்கள். பஞ்சு வேண்டாம், கால் நகம் சிக்கி உடைந்துவிடும். மரபணுச் சோதனைக்கு என்றால் 95 விழுக்காடு எத்தனாலில் போடுங்கள், சானிடைசர் ஆகாது. லேபிளைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். ஊர், நாள், எந்தத் துளை, யார் கூடு என்ற நான்கும் வேண்டும். முடிந்தால் அதே சுவரில் அல்லது அதே குழாயில் கூடு கட்டிய சொந்தக்காரியையும் ஒன்று சேர்த்து அனுப்புங்கள். எந்தக் குயில் எந்தத் தேனீயிடம் முட்டையிடுகிறது என்ற பதிவு அந்த இரண்டாவது பூச்சி இல்லாமல் முழுமையாகாது.